அடைப்பு ஓரிடம், சேதாரம் வேறிடம்

கிணத்துக்கடவில் உக்கடம் பஸ் ஏறும் பெரியவர்களில் சிலர், டவுனுக்குப் போகிற நாளில் விடிந்ததிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். 20 கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். ஆனால் நடுவழியில் ஒண்ணுக்கு முட்டினால் யாரிடம் சொல்லி வண்டியை நிறுத்துவது? கேட்டால், "வயசானா இருக்கறதுதானுங்க" என்று முடித்துவிடுவார்கள்.

இருக்கிறதுதான். 60 வயதை எட்டும்போது ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு புரோஸ்டேட் சுரப்பி பெருக்கத் தொடங்கியிருக்கும். சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, நீர் வெளியேறும் பாதையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. இளவயதில் 20 கிராம் அளவில் இருப்பது பெருக்கும்போது பாதையை நெருக்குகிறது. அதனால் வீட்டில், டீக்கடையில், மருந்துக்கடையில் எங்கும் புரோஸ்டேட் பேச்சாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் அதற்கு மேலே இருக்கும் பையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். சேதாரமெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். 150, 200 மில்லி சேரும்போதே லேசான உணர்வு தட்டும். இதில் வியப்பு என்னவென்றால், நிரம்ப நிரம்பப் பையின் உள்ளழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை. சுவர்த் தசை தளர்ந்து இடம் கொடுத்துக்கொண்டே போகும். நாம் போகலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் அது சுருங்கி அழுத்தும்.

பாதை குறுகினால் என்ன ஆகும் என்பது சொட்டுநீர் போட்ட விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபில்டர் அடைத்தால் தக்காளிக் காட்டுக்குத் தண்ணீர் குறையும். ஃபில்டருக்கு முன்னால் இருக்கிற கேஜில் முள் ஏறும். சிறுநீர்ப்பையிலும் அதேதான்: தாரை மெலிகிறது, உள்ளே அழுத்தம் கூடுகிறது. ஆனால் மோட்டார் அடைப்புக்காகத் தன் குதிரைத்திறனைக் கூட்டிக்கொள்ளாது. சிறுநீர்ப்பை கூட்டிக்கொள்ளும்.

அதன் தசை செல்கள் பருக்கின்றன. சுவர் தடிக்கிறது. நிரம்பிய பையில் சுமார் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய சுவர் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஸ்கேன் பார்ப்பவர் அடைப்பைச் சந்தேகிப்பார். சாதாரணமாக 20 முதல் 40 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் நடந்துவிடும் வேலைக்கு இப்போது 80, 100 தேவைப்படுகிறது. அதையும் பை ஈடுகட்டிவிடுகிறது. நீர் எப்படியோ போய்விடுவதால் ஆளும் நிம்மதியாக இருக்கிறார். சில வருஷங்கள் இப்படியே ஓடும்.

உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால் அந்த நிம்மதியின் விலை தெரியும். வழவழப்பாக இருக்க வேண்டிய உட்சுவரில் தசைக்கட்டுகள் குறுக்கும் நெடுக்குமாகப் புடைத்து நிற்கும். அவற்றுக்கு நடுவே குழிகள். அழுத்தம் தொடர்ந்தால் அந்தக் குழிகள் வழியே உட்படலம் வெளிப்பக்கமாகப் பிதுங்கித் தனிப் பையாகவே தொங்கும். பெரிய பை சுருங்கும்போது இந்தக் குட்டிப் பை சுருங்காது. அதில் தேங்கும் நீரில் கிருமி வளரும், கல் சேரும்.

தடித்த தசைக்கு ரத்தமும் கூடுதலாக வேண்டும். ஆனால் அது ஒவ்வொரு முறை முக்கிச் சுருங்கும்போதும் தனக்குள் ஓடும் ரத்த நாளங்களையே நெரிக்கிறது. சுவருக்கு ஆக்சிஜன் குறைகிறது, நீர் போனதும் ரத்தம் திரும்பப் பாய்கிறது, மறுபடி குறைகிறது. தினம் பல தடவை இது நடப்பதில் முதலில் அடிபடுபவை சுவரில் உள்ள மெல்லிய நரம்பிழைகள். நரம்பு பாதி இழந்த தசை சும்மா இருப்பதில்லை. சின்னத் தூண்டுதலுக்கும் தானாகத் துடித்துச் சுருங்குகிறது. ராத்திரியில் நாலு முறை எழுவதும், வாசலைத் தாண்டுவதற்குள் வேட்டி நனைவதும் இதனால்தான்.

இதற்குப் பிறகு வருவது மோசமான கட்டம். தசை செல்களுக்கு நடுவே கொலாஜன் நார் படிந்து சுவர் விறைக்கிறது. சுருங்கும் பலம் போய்விடுகிறது. முழுதாகக் காலி செய்ய முடியாமல் நீர் மீந்துபோகிறது.

ஸ்கேன் அறைகளில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்திருக்கும் பெரியவரிடம் ஸ்கேன் எடுக்கும் பெண், "முட்டிட்டு வருதுங்களா ஐயா?" என்று கேட்பார். "முட்டறதெல்லாம் இல்லீங்க. போயிட்டு வந்தாத் தேவலைங்க" என்பது பதிலாக இருக்கும். போய்விட்டு வந்து, "சுத்தமாப் போயாச்சுங்க" என்று மறுபடி படுப்பார். திரையில் பார்த்தால் 300 மில்லி இன்னும் உள்ளேயே கிடக்கும். அவர் பொய் சொல்லவில்லை. பை அவருக்குச் செய்தி சொல்வதை நிறுத்திவிட்டது.

திடீரென்று முழுதாக அடைத்துக்கொண்டால் ஆள் துடித்துப்போவார், ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார். மெல்ல மெல்ல அடைப்பதில் வலியே இருக்காது. ஒரு லிட்டருக்கு மேல் தேங்கியவர்கூட நடமாடிக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் ஒரே ஒரு துப்பு கிடைக்கும்: காலையில் பாய் நனைந்திருக்கும். 'வயசாயிருச்சு, அடக்க முடியலை' என்று மருமகள் சத்தமில்லாமல் துவைத்துப் போடுவாள். நீர் தானாக ஒழுகுகிறவருக்கு அடைப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் அது நிரம்பி வழிகிற நீர்.

இந்த நிலையில் சிறுநீரகத்துக்கும் ஆபத்து வந்துவிடுகிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாய்களும் பையின் சுவருக்குள் சாய்வாகப் புகுகின்றன. சுவர் தடித்தால் அவை நெருக்குண்ணும். பை நீரைத் தேக்கிவைக்கும் நேரத்தில் உள்ளழுத்தம் 40 சென்டிமீட்டரைத் தாண்டியே நின்றால், மேலிருந்து நீர் இறங்க வழியில்லாமல் சிறுநீரகம் வீங்கும். சிலருக்கு நோய் தெரியவருவதே ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறிய பிறகுதான்.

மார்கழிக் குளிர்காற்று மூக்கை அடைத்தால் மெடிக்கலில் வாங்கிப் போடும் சளி மாத்திரை பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து பையின் கழுத்தை இறுக்கும். உடன் சேர்த்திருக்கும் குளோர்பெனிரமின் தசையின் சுருக்கத்தை மந்தமாக்கும். விளிம்பில் நிற்பவருக்கு இந்த ஒரு மாத்திரை போதும், அன்று ராத்திரியே முழு அடைப்பு. கைமருந்துக்காரர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் ஊர் காப்புக்கட்டில் செருகும் பூளைப்பூவும், நெருஞ்சிலும் கல்லடைப்பு, சதையடைப்புக்கெல்லாம் பேர் போனவை. நீரைப் பெருக்கத்தான் அவற்றைக் கொடுக்கிறார்கள். வாய் அடைத்த பைக்குள் இன்னும் நீரைப் பெருக்கினால் என்ன ஆகும்?

இது கிழவர்களின் நோய் மட்டுமல்ல. சுமார் 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு, நீர்ப்பாதையில் ஒரு சவ்வுத் தடுப்பு கருவிலேயே உருவாகிவிடுகிறது. ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பை தடித்து வீங்கித் தெரியலாம். பிறந்ததும் சவ்வை அகற்றினாலும், அடைப்போடு வளர்ந்த பை பழையபடி மிருதுவாவது எல்லோருக்கும் நடப்பதில்லை.

பெரியவர்களுக்கும் நேரம்தான் கணக்கு. டாம்சுலோசின் போன்ற மாத்திரை பையின் கழுத்தைச் சில நாட்களிலேயே தளர்த்தும். பினாஸ்டரைடு சுரப்பியைச் சுருக்க ஆறு மாதமாகும். தேவைப்பட்டால் கருவி விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். சீக்கிரம் திறந்துவிட்டால் தடித்த சுவர் பெருமளவு இளைக்கும். நார் படிந்தபின் திறந்தால் பாதை இருக்கும், தள்ளப் பலம் இருக்காது. தாரை மெலிவதை மட்டும் பார்த்தால் அடைப்பா, தசை ஓய்ந்ததா என்று பிரிக்க முடியாது. சந்தேகம் இருக்கும் இடங்களில் அறுவைக்கு முன் பையின் அழுத்தத்தை அளந்து பார்ப்பது அதற்காகத்தான்.

தசை ஓய்ந்துபோனவர்களுக்குக் குழாய்தான் கதி. அதைச் சொன்னதும் முகம் சுருங்கிவிடும். ஈரோட்டில் பிறந்த பெரியார் தன் கடைசி ஆண்டுகளில் சிறுநீர்க் குழாயோடும், அதை ஏந்தும் பாத்திரத்தோடும்தான் ஊர் ஊராகப் போய் மேடையேறினார். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் பேசியதுதான் கடைசி. ஐந்தே நாளில் வேலூர் சி.எம்.சி.யில் காலமானார், வயது 94. பல்லாயிரம் பேர் பார்க்க அவர் சுமந்ததை நம்மவர்கள் சொந்த மகனிடம்கூட மறைக்கிறார்கள்.

அப்போதெல்லாம் குழாய் என்றால் பெரும்பாலும் உள்ளேயே கிடப்பது. 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஜாக் லாபிடஸ் வேறொரு வழியை எழுதினார். நோயாளியே சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, சுத்தமான மெல்லிய குழாயைத் தானே செருகி, நீரை வடித்துவிட்டு எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. கிருமி நீக்கம் செய்யாத குழாயா என்று சக மருத்துவர்கள் பதறினார்கள். லாபிடஸின் வாதம் ரத்த ஓட்டத்தைப் பற்றியது. அளவுக்கு மீறி விரிந்து நிற்கும் பையின் சுவருக்கு ரத்தம் குறைகிறது, அதனால்தான் கிருமி எளிதாகப் பிடிக்கிறது, நேரத்துக்குக் காலி செய்தால் போதும் என்றார். இன்றைக்கு உலகமெங்கும் கற்றுக்கொடுப்பது அந்த முறையைத்தான்.