ஒட்டுப் பருத்தியில் விதை எடுத்து வைக்கலாமா?

நெம்மேலி வாசகர் ஒருவரின் கேள்வி: ‘எங்கள் ஊர் மணலில் சவுக்கும் தர்பூசணியும்தான். மகளைக் கொடுத்திருப்பது பெரம்பலூர் பக்கம், பருத்திக் குடும்பம். போன வருடம் வாங்கிப் போட்ட ஒட்டு விதை நன்றாகக் காய்த்தது. அதிலேயே விதை எடுத்து மூட்டை கட்டி வைத்திருக்கிறார் மருமகன். விதைக்கலாமா?’

விதைக்க வேண்டாம் ஐயா. காரணத்தையும் சொல்கிறேன், மருமகனிடம் சொல்ல உதவும்.

வீரிய ஒட்டு விதை கையால் உண்டாக்கப்படுவது. நாளைக் காலை பூக்கப்போகும் மொக்கைத் தாய்ச் செடியில் பார்த்து, இன்று மாலை 3 மணிக்கு மேல் கட்டைவிரல் நகத்தால் இதழையும் மகரந்தத் தாள்களையும் சேர்த்து உரித்து எடுப்பார்கள். சூல்முடி மட்டும் நிற்கும். அதற்குக் காகித உறை போடுவார்கள். மறுநாள் காலை தந்தைச் செடியின் பூவைப் பறித்து அந்தச் சூல்முடியில் தடவுவார்கள். ஒரு பூ நாலைந்து மொக்குக்கு வரும். அடையாளத்துக்குக் காம்பில் நூல் கட்டுவார்கள். ஒட்டு விதை விலை கூடுதலாக இருப்பதற்கு இந்தக் கூலியும் ஒரு காரணம்.

இப்படித்தான் 1970இல் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் சி.டி.படேல் எச்-4 பருத்தியை வெளியிட்டார். வணிக அளவில் பயிரான உலகின் முதல் ஒட்டுப் பருத்தி அது. 1972இல் தார்வாடில் பி.எச்.கட்டார்கி, இரண்டு வேறு பருத்தி இனங்களை ஒட்டவைத்து, நீள இழை கொண்ட வரலட்சுமியைத் தந்தார். விளைச்சல் ஒரு பக்கம், இழைத் தரம் ஒரு பக்கம் என்று இருந்ததை ஒரே செடியில் சேர்த்ததுதான் ஒட்டின் பலம்.

ஆனால் அந்தச் சேர்க்கை ஒரு தலைமுறைக்குத்தான். ஒட்டு விதையில் முளைத்த செடிகள் ஒன்றுபோல இருக்கும். அவற்றின் விதையை விதைத்தால் பாட்டன் குணம் ஒரு செடியில், பாட்டி குணம் ஒரு செடியில் என்று பிரிந்து வரும். நெட்டையும் குட்டையும் கலந்து நிற்கும். விளைச்சல் குறையும். ஒட்டில் பி.டி. குணம் பெரும்பாலும் ஒரு பெற்றோர் வழியே வருவது. ஆகவே அதுவும் எல்லாச் செடியிலும் இருக்காது. காய்ப்புழு அங்கே நுழையும். எல்லாவற்றுக்கும் மேலாக, இழை நீளம் கலந்துவிட்டால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். களை எடுத்த கூலியும் உரச் செலவும் மட்டும் குறையாது.

சொந்த விதைதான் வேண்டும் என்றால், ஒட்டு அல்லாத ரகம் போடலாம். எம்.சி.யு.5, கோ 17 போன்றவை ரகங்கள். கோவையில் உருவான சுவின் பருத்தியும் ரகம்தான். சுஜாதாவையும் செயின்ட் வின்சென்டையும் ஒட்டி, பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைநிறுத்தியது. மிக நீண்ட இழை, ஆனால் வயது அதிகம். எல்லா நிலத்துக்கும் ஒத்துவராது.

ரகத்தில் விதை எடுக்கும்போது வேறு பருத்திக்குப் பக்கத்து வயலைத் தவிர்க்கவும். தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். வேற்றுச் செடிகளைப் பூக்கும் முன்பே பிடுங்கவும். செடியின் நடுப்பகுதியில் நன்றாக வெடித்த காய்களை மட்டும் தனியே எடுத்துத் தனியே அரைக்கவும்.

ஒட்டுதான் என்றால் வருடாவருடம் புது விதை, ரசீதோடு. ரசீதையும் காலிப் பையையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். முளைப்பில் குறை வந்தால் கேட்பதற்கு அதுதான் சாட்சி.

கட்டி வைத்த மூட்டை வீணாகாது ஐயா. மருந்து கலக்காத விதை என்றால் கறவை மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டிக் கொடுக்கலாம்.