எங்கம்மா ஒரு பங்க்!

'பங்க்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெட்ரோல் பங்க். கொஞ்சம் சீனியர் என்றால், பிடரி வரை முடி வளர்த்து சலூன்காரரிடம் 'பங்க்' வைக்கச் சொன்ன காலம்.

நான் சொல்ல வந்தது வேறு பங்க் ஸார். 1976 வாக்கில் லண்டனில் கிளம்பிய கோஷ்டி. கிழிந்த சட்டையில் ஊக்கு மாட்டிக்கொண்டு கிடாரைப் போட்டு அடித்தார்கள். சங்கீத ஞானம்? மூன்று கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறலாம். பஸ்காக்ஸ் என்ற குழு, பெரிய கம்பெனி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தெரிந்தவர்களிடம் கடன் வாங்கி, 1977-ல் முதல் ரிக்கார்டைத் தானே வெளியிட்டது. பாட்டையும் ஊக்கையும் கழித்துவிட்டுப் பார்த்தால் (நான் பி.காம்., கழித்தல் நன்றாக வரும்) பாக்கி நிற்பது ஒன்றுதான்: 'யாரைக் கேட்டுச் செய்தாய்?' என்றால், 'எதுக்குக் கேக்கணும்?'

உடனே எனக்கு ஞாபகம் வந்தது எங்கம்மா. சிரிக்காதீர்கள். ஊக்கு விஷயத்தில் லண்டன் பையன்கள் அம்மாவிடம் டியூஷன் வர வேண்டும். தாலிக் கயிற்றில் எப்போதும் ஏழெட்டு தொங்கும்.

1991-ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராம நர்ஸுகள் எல்லோரும் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். நடுவில் பார் இடிக்குமே? இடிக்கட்டும், பிள்ளையை உட்கார வைக்கலாம்! 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டையைச் சுற்றினார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்களாவது அப்போது சைக்கிள் கற்றிருப்பார்கள் என்பது கணக்கு.

'கலெக்டர் ஆரம்பித்து வைத்தது எப்படி ஸார் கலகம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால், டீக்கடை பெஞ்சைத் தாண்டும்போது வந்த கிண்டலுக்குக் கலெக்டரா கூட வந்தார்? அவரவர்தான் வாங்கிக்கொண்டு மிதித்தார்கள்.

அந்த பாரில் உட்கார்ந்து வந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தன். ஆறு வயசு. அப்பா முதல் நாளே சொல்லிட்டார்: "உனக்கு எதுக்கு சைக்கிளு? எங்க போகணும்னு சொல்லு, நான் கொண்டு போய் விடுறேன்."

அப்பா நல்லவர்தான். ஆனால் அவருக்கு நேரம் கிடைத்தால்தான் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, பிறந்த வீடு எல்லாம். அம்மா எதிர்த்துப் பேசலை. வாடகை சைக்கிளை எடுத்துக்கிட்டு கண்மாய்க்கரைக்குப் போனாங்க. முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டு வந்தாங்க. மறுநாளும் போனாங்க.

அந்த அம்மாவின் பிள்ளை, போன மாதம் 799 ரூபாய்க்குக் கபாலம் போட்ட கறுப்பு டி-ஷர்ட் வாங்கினேன். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் கலகக்காரனாக நின்றபோது மனைவி கேட்டாள்: "நான் ஸ்கூட்டர் கத்துக்கட்டுமா?"

"எதுக்கும்மா? எங்க போகணும்னு சொல்லு, நான் கொண்டு போய் விடுறேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. "அப்படியே உங்கப்பா குரல்டா!"

கபாலம் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

எல்.எல்.ஆர். கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அதே கண்மாய்க்கரை. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். "விடுங்க" என்றாள். விட்டேன். இருபதடி போய் விழுந்தாள். சுடிதார் முழங்கால் பக்கம் கிழிந்துவிட்டது. "போதும், வீட்டுக்குப் போலாம்" என்று நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா தாலிக் கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நீட்டினாங்க.

கிழிசலில் அதை மாட்டிக்கொண்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள்.

இந்தத் தடவை நான் பிடிக்கலை.