சுடுமல்லியைப் பிடுங்கினால் மட்டும் போதுமா? சித்தகத்தியை வளர்த்துப் பாருங்கள்!

சோளக்காட்டில் தண்ணீர் பாய்ச்சிய பிறகும் பயிர் வாடி நிற்கிறதா? தூரைச் சுற்றிச் சின்னதாக வெள்ளை அல்லது மஞ்சள் பூவோடு ஒரு செடி தெரிகிறதா? அதுதான் சுடுமல்லி. கரும்பிலும் சோளத்திலும் வரும் வேர் ஒட்டுண்ணிக் களை இது. "களைதானே, பிடுங்கிப் போட்டா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். அது மண்ணுக்கு மேலே தலை காட்டும் முன்பே, பயிரின் வேரில் ஒட்டி, சத்தையும் தண்ணீரையும் உறிஞ்சத் தொடங்கியிருக்கும்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

சுடுமல்லியின் விதை தூசி மாதிரி இருக்கும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அந்த விதைகள் பத்து ஆண்டுகளுக்கு மேல்கூட மண்ணில் உறங்கிக் கிடக்கும். பக்கத்தில் சோளம் போன்ற பயிரின் வேர் வந்து, அதிலிருந்து ஒரு வேதிப்பொருள் கசிந்தால்தான் முளைக்கும். சத்துக் குறைந்த மண்ணில் பயிர் வேர் இந்தப் பொருளை அதிகமாகக் கசியவிடும். அதனால்தான் வளம் குறைந்த காட்டில் சுடுமல்லி கூடுகிறது.

ஆப்பிரிக்காவில் கண்ட வழி

மேற்கு கென்யாவின் மக்காச்சோள வயல்களில் சுடுமல்லியின் இனத்தைச் சேர்ந்த, இளஞ்சிவப்புப் பூ பூக்கும் ஒரு களை பெரிய தொல்லை. சிறு விவசாயிகளுக்கு உரம் வாங்கவும் வசதி குறைவு. நைரோபியில் தலைமையகம் உள்ள பன்னாட்டு வேளாண் காடுகள் ஆய்வு மையம் 1990-களில் அங்கே ஒரு எளிய முறையை விவசாயிகளோடு சேர்ந்து சோதித்தது. நிலத்தை வெறுமனே தரிசாகப் போடாமல், வேகமாக வளரும் பயறுவகைப் புதர்ச்செடிகளை வளர்ப்பதுதான் அது.

அதில் முக்கியமான செடி நமக்கும் பழக்கமான சித்தகத்தி! மார்ச்சில் தொடங்கும் பெரிய மழைக்காலத்தில் மக்காச்சோளத்துக்கு இடையில் அதை ஊன்றுவார்கள். அறுவடைக்குப் பிறகு சின்ன மழைக்காலம் முழுக்க அது நிலத்தில் நிற்கும். அடுத்த விதைப்புக்கு முன் வெட்டி, இலைகளை மண்ணில் சேர்த்துவிட்டு, தண்டை விறகாக எடுத்துக்கொள்வார்கள்.

இதில் இரண்டு பலன்:

• சித்தகத்தியின் வேர்க்கசிவு களை விதையை முளைக்க வைக்கும். ஆனால் அந்த வேரில் களையால் ஒட்டிப் பிழைக்க முடியாது. முளைத்தது பட்டினியில் சாகும். விதை இருப்பு குறையும்.
• வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும். இத்தகைய செடிகள் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் ஹெக்டேருக்கு 100 முதல் 200 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 40 முதல் 80 கிலோ நைட்ரஜன் சேர்க்கும்.

அப்போ குறையே இல்லையா?

இருக்கிறது. ஒரு போகம் விளைச்சல் கிடைக்காது. ஒரு ஏக்கர் மட்டும் வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆகவே களை அதிகமுள்ள பகுதியில் மட்டும் முதலில் செய்து பார்க்கலாம். மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் அதைத் தனியாகத்தான் இட வேண்டும். செடி அதை உண்டாக்கித் தராது. சித்தகத்தி வேரில் வேர்முடிச்சு நூற்புழு பெருகும் என்பதால், அடுத்து உடனே தக்காளி, கத்தரி நடாதீர்கள்.

"நாங்கதான் தக்கைப்பூண்டு விதைச்சு 45 நாள்ல மடக்கி உழறோமே?" என்று கேட்கலாம். மண்வளத்துக்கு அது ரொம்ப நல்லது. ஆனால் ஒரு தடவை மடக்கி உழுததாலேயே பல வருட விதை இருப்பு தீர்ந்துவிடாது. நிலத்தைக் காலியாக விட முடியாதவர்கள் சோளத்துக்குப் பிறகு பருத்தி, நிலக்கடலை என்று பயிரை மாற்றலாம். இவையும் களை விதையை முளைக்கவைத்து ஏமாற்றும்.

இப்போது என்ன செய்யலாம்?

1. சுடுமல்லி தெரிந்தால் பூப்பதற்குள் பிடுங்குங்கள். பூத்துவிட்டால் பிடுங்கி எரித்துவிடுங்கள், வரப்பில் போடாதீர்கள்.
2. செல்போனில் ஒரு படம் எடுத்து உங்கள் உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். அவர் வரும் நாளை 'உழவன்' செயலியில் பார்க்கலாம்.
3. மண் பரிசோதனை செய்து, மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து அளவைப் பாருங்கள்.
4. பசுந்தாள் உர விதை இருக்கிறதா, மானியம் உண்டா என்று 'உழவன்' செயலியிலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ விசாரியுங்கள்.
5. சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551-ல் தமிழிலேயே கேட்கலாம்.

இந்த வருடம் ஒரு செடியை விதை போட விட்டால், அதன் விதை உங்கள் பிள்ளைகள் விவசாயம் பார்க்கும்போதும் மண்ணில் இருக்கலாம். அதனால் இன்றைக்கே காட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்!