30 வருஷ வேலைக்கு 12 வருஷக் கெடு!

பத்து நாள் வேலையை நாலு நாளில் முடிக்கச் சொல்லும் மேனேஜரா உங்களுக்கு? நசீருத்தீன் தூசியை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். பாரசீக வானியல் மேதை. 1201-ல் தூஸ் நகரத்தில் பிறந்தவர். அவருக்கு வாய்த்த முதலாளி, செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகு கான்! கோபம் வந்தால் மெமோ எல்லாம் கிடையாது. நேரே தலைதான்!

அதற்கு முன்னால் இஸ்மாயிலி ஆளுநர் ஒருவரிடம் இருந்தார் தூசி. மங்கோலியர்கள் ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டிருந்த காலம். உயிருக்கும் படிப்புக்கும் அங்கேதான் பாதுகாப்பு. ஒழுக்கம் பற்றி ஒரு நூல் எழுதி ஆளுநருக்கே சமர்ப்பித்தார். 1256-ல் இஸ்மாயிலிக் கோட்டைகள் ஹுலாகுவிடம் வீழ்ந்தன. தூசியும் அவன் பக்கம் வந்துவிட்டார். நூலுக்குப் புது முன்னுரை போட்டார். 'பழைய முன்னுரை வேறு வழியில்லாமல் எழுதியது' என்று! 1258-ல் பாக்தாத்தை ஹுலாகு நாசம் செய்தபோதும் கூடவே இருந்தார்.

பச்சோந்தி என்கிறீர்களா? அப்படித் திட்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள்.

ஹுலாகுவுக்கு ஜோசியப் பைத்தியம். தூசி அதைப் பிடித்துக்கொண்டார். 1259-ல் மராகாவில் (இன்றைய வடமேற்கு ஈரான்) பெரிய வான் ஆய்வுக்கூடம் எழும்பத் தொடங்கியது. கருவி செய்ய டமாஸ்கஸ்காரர் வந்தார், சீன அறிஞரும் வந்தார். பாக்தாத்தில் சூறையாடிய புத்தகங்கள்கூட அந்த நூலகத்துக்கு வந்து சேர்ந்தன என்கிறார்கள் பழைய வரலாற்றாசிரியர்கள்.

கிரகங்களை முழுசாகக் கணிக்க தூசி கேட்டது 30 வருஷம். சனி கிரகம் ஒரு சுற்று வரவே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகுமே! கான் சொன்னது 12. 'முடியாது' என்று சொல்ல முடியுமா? பழைய கணக்குகளையும் சேர்த்துக்கொண்டு அட்டவணையை முடித்தார். அதைப் பார்க்க ஹுலாகு இல்லை. 1265-லேயே போய்ச் சேர்ந்துவிட்டான்.

இன்னொரு வேலைக்குக் கெடுவே கிடையாது. ஒரு வட்டத்துக்குள் அதில் பாதி அகலமுள்ள சின்ன வட்டத்தை உருட்டுங்கள். சின்ன வட்டத்தின் விளிம்பில் வைத்த புள்ளி சுற்றாது, நேர்கோட்டில் போய்ப் போய் வரும்! கிரகங்களின் கோணல் நடையை விளக்க தூசி கண்டுபிடித்த சூத்திரம் இது. 1543-ல் வந்த கோபர்நிகஸ் நூலிலும் இதே சூத்திரம் இருக்கிறது. தூசியிடமிருந்து போனதா, அவரே கண்டாரா என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

1274-ல் பாக்தாத்தில் தூசி காலமானார். நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பாக்தாத்தையே வளைத்துப் போட்ட முதலாளிக்கு அங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது!