கடைசிப் பத்துச் சுற்று

பூச்சோங்கிலிருந்து ஒரு வாசகர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். ஹைலக்ஸ் வைத்திருக்கிறார், முன்பக்கம் 12,000 பவுண்டு இழுக்கும் வின்ச், அதன் டிரம்மில் டைனீமா என்ற செயற்கைக் கயிறு. மழைக்குப் பிறகு செம்பனைத் தோட்டத்துக்குள் போனபோது நண்பரின் வண்டி மட்கார்டு வரை சேற்றில் இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி நின்று இழுத்திருக்கிறார், அசையவில்லை. 12,000 பவுண்டு என்பது ஏறக்குறைய 5,400 கிலோ. நண்பரின் வண்டி 2,000 கிலோ. மிச்சம் 3,400 கிலோ எங்கே போயிற்று என்பது முதல் கேள்வி. கயிற்றின் கடைசிப் பத்துச் சுற்றை டிரம்மிலிருந்து அவிழ்க்கவே கூடாது என்று கையேடு சொல்கிறதே, காசு கொடுத்து வாங்கிய கயிற்றில் மூன்று மீட்டர் சும்மா கிடப்பதற்கா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம், கொஞ்சம் கசப்பு. இரண்டாவதற்காகத்தான் இந்த வாரப் பக்கம்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் 12,000 பவுண்டு பொய்யில்லை. டிரம்மில் ஒரே ஓர் அடுக்குக் கயிறு இருக்கும்போது மட்டும் உண்மை. டிரம்மைத் திருகும் விசை மாறாமல் இருக்க, அடுக்கு ஏற ஏற ஆரம் கூடுகிறது. ஆரம் கூடினால் இழுவை குறையும், பள்ளிக்கூட நெம்புகோல் கணக்குதான். டிரம்மின் விட்டம் 8 சென்டிமீட்டர், கயிறு 1 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கில் 12,000 பவுண்டு, இரண்டாவதில் 9,800, மூன்றாவதில் 8,300, நான்காவதில் 7,200. பத்தடி தள்ளி நின்று இழுத்தவரின் டிரம்மில் கயிறு முழுக்க மேலேதான் இருந்திருக்கும். அவர் கையில் இருந்தது 3,300 கிலோவுக்கும் குறைவான இழுவை. இந்த அடுக்குக் கணக்கைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுகிறார்கள், விளம்பரத்தில் போடுவதில்லை.

எதிர்ப்பக்கம் சேறு இருக்கிறது. சேற்றில் புதைந்த வண்டிக்கு அதன் எடை ஒரு தொடக்கக் கணக்கு மட்டுமே. அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேடு நெடுங்காலமாக ஒரு தோராயம் வைத்திருக்கிறது: சக்கரம் வரை புதைந்தால் எதிர்ப்பு வண்டியின் எடையளவு, மட்கார்டு வரை என்றால் இரு மடங்கு, அதற்கும் மேல் போனால் மூன்று மடங்கு. நண்பரின் வண்டியை எடுக்க 4,000 கிலோ இழுவை வேண்டும். வின்ச் கொடுத்தது 3,300. அசையாததில் மர்மம் ஒன்றுமில்லை.

மருந்தும் பெரிய வின்ச் இல்லை. சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு கப்பி போதும். புதைந்த வண்டியில் கப்பியை மாட்டி, கயிற்றை அதன் வழியாகத் திருப்பி உங்கள் வண்டியிலேயே கட்டினால் இழுவை இரட்டிக்கும். இரு மடங்கு கயிறு வெளியே போவதால் டிரம் கீழ் அடுக்குக்கு இறங்கி, இழுவை இன்னும் கூடும். ஒரே சாமானில் இரண்டு லாபம் என்று கடைக்காரர் சொல்லக்கூடிய அரிய உண்மை இது. ஆனால் கப்பியில் லாபம் குறைவென்பதால் அவர் சொல்வதில்லை. ஒரு எச்சரிக்கை: உங்கள் வண்டியும் அதே இரட்டை விசையில் முன்னால் இழுபடும். பின்பக்கத்தை ஒரு மரத்தோடு கட்டாவிட்டால் புதைந்த வண்டிகளின் எண்ணிக்கை இரண்டாகும்.

இப்போது அந்தப் பத்துச் சுற்று.

கயிற்றின் உள்முனை டிரம்மில் எப்படி மாட்டியிருக்கிறது என்று கழற்றிப் பாருங்கள். ஒரு சின்ன திருகாணி. சில வின்ச்சுகளில் அதுவும் இல்லாமல், கயிற்றின் நுனியை ஒரு துளைக்குள் செருகியிருப்பார்கள். ஐந்து டன் இழுவைக்கு இதுவா பிடிமானம் என்று வயிறு கலங்கும். திருகாணி எதையும் பிடிப்பதில்லை என்பதுதான் விஷயம். பிடிப்பவை சுற்றுகள்.

உருளையைச் சுற்றிய கயிற்றின் ஒரு முனையில் பெரிய விசை இருந்தால், கயிறு உருளையை அழுத்தும். அழுத்தம் உராய்வைத் தரும். உராய்வு விசையில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்த துளிக் கயிற்றிடம் தள்ளும். அந்தத் துளிக்கு வருவது குறைந்த விசை. அது தனக்கு வந்ததில் தன் பங்கைத் தின்று மிச்சத்தைத் தள்ளும். இரும்புக் கம்பிக் கயிற்றுக்கு உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்று தனக்கு வந்ததில் 28 சதவீதத்தைத்தான் அடுத்த சுற்றுக்கு விடுகிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அந்தக் காலத்தில் லயத்தில் கூரை ஒழுகுகிறது. தொழிலாளி கங்காணியிடம் போய்க் கத்துகிறார். கோபம் 100 பங்கு. கங்காணி அதில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொண்டு கிராணியிடம் போகும்போது 28 பங்கு. கிராணி குரலைத் தாழ்த்திப் பெரிய கிராணியிடம் சொல்வது 8 பங்கு. சின்னத் தொரையின் மேசைக்கு 2 பங்கு போகிறது. பெரிய தொரையிடம் அரைப் பங்கு. அவர் லண்டன் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘கூரைகள் பொதுவாக நல்ல நிலையில்’ என்று ஒரு வரி. ஐந்து பேரில் எவரும் பீமன் இல்லை. ஒவ்வொருவரும் தன்னிடம் வந்ததில் தன் பங்கை மட்டுமே விழுங்கினார்கள். கங்காணி குட்டையா நெட்டையா என்பதும் பொருட்டில்லை: இந்தக் கணக்கில் டிரம்மின் பருமன் வரவே வராது, சுற்றிய கோணம் மட்டுமே வரும். பென்சிலில் ஐந்து சுற்றும் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் கட்டும் இரும்புக் கட்டையில் ஐந்து சுற்றும் ஒரே விகிதம். இன்னும் போகலாம். கங்காணியின் கையில் எண்ணெய் தடவினால், அதாவது அவரும் தொழிலாளியின் பக்கம் சாய்ந்து எதையும் விழுங்காமல் அனுப்பினால், கோபம் முழுசாக மேலே போகும். டிரம்மில் கிரீஸ் பட்டாலும் அதேதான். லண்டனில் ஒருவருமே இல்லாமல் அலுவலகத்தைப் பூட்டிவிட்டால் மொத்த அமைப்பும் சரியும். ஏனென்றால் சுற்றுகள் பெருக்கத்தான் செய்யும். பெருக்க ஏதாவது இருக்க வேண்டும். சுழியத்தை எதால் பெருக்கினாலும் சுழியம். அந்தச் சின்னத் திருகாணியின் வேலை லண்டன்காரரின் வேலை: தேநீர் குடித்துக்கொண்டு ‘ம்’ என்று சொல்வது.

எண்களைப் போடுவோம். இரும்புக் கயிறு, ஐந்து சுற்று: விசை 535-இல் ஒரு பங்காகக் குறைகிறது. 5,400 கிலோ இழுக்கும்போது திருகாணிக்கு வருவது 10 கிலோ. டைனீமா வழவழப்பானது, உராய்வுக் கெழு 0.1 என்று கொண்டால், அதே 535 கிடைக்க எத்தனை சுற்று வேண்டும்? சரியாகப் பத்து. இரும்புக்கு ஐந்து, செயற்கைக் கயிற்றுக்குப் பத்து என்று கையேடுகள் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். வாசகர் அந்த மூன்று மீட்டரை மிச்சம் பிடிக்க நினைத்து ஐந்து சுற்றில் நிறுத்தினால் திருகாணிக்கு வருவது 20 கிலோ என்று தோன்றும், பாதி போனால் பாதி பலம் என்ற பழக்கத்தில். வருவது 235 கிலோ. பாதிச் சுற்று போனால் 535 வர்க்கமூலமாகிவிடுகிறது, 23 ஆக. மூன்று சுற்றில் நிறுத்தினால் 800 கிலோவுக்கு மேல். திருகாணி பிய்த்துக்கொண்டு போகும். பத்துச் சுற்றும் இருந்து, எண்ணெயும் சேறும் உராய்வைப் பாதியாக்கினாலும் அதே வர்க்கமூலம், அதே 235.

இதைக் கணக்காக எழுதியவர் ஆய்லர், 1769-இல். ஐட்டல்வைன் என்ற ஜெர்மன் பொறியாளர் 1808-இல் தம் நூலில் சேர்த்ததால் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. மாலுமிகளுக்கு அதற்கு முன்பே கை பழகியிருந்தது. வண்டிக்கான மின் வின்ச்சை 1959-இல் அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் கொண்டுவந்தது. பூச்சோங்குக்கு வின்ச் அதற்கும் பழசு: இங்கே ஈயம் வாரிய மிதவைக் கப்பல்கள் கரையில் நங்கூரமிட்ட கம்பிகளை வின்ச்சால் இழுத்து இழுத்துத்தான் குட்டைக்குள் நகர்ந்தன. 1985-இல் ஈய விலை சரிந்த பிறகு அந்தச் சத்தம் அடங்கியது. தீபகற்பத்தின் காடுகளில் மரம் இழுத்த ‘சான் தாய் வோங்’ லாரிகளும் பழைய ராணுவ லாரியில் வின்ச் ஏற்றியவைதான். வரலாறு இவ்வளவு போதும்.

செயற்கைக் கயிற்றைப் பற்றிய ஆரவாரத்துக்கு வருகிறேன். ‘அறுந்தாலும் ஆபத்தில்லை’ என்பது விற்பனை வாக்கியம். இரும்பைவிடப் பல மடங்கு இலேசானது என்பதும், அறுந்தால் வீசும் வேகம் குறைவு என்பதும் உண்மை. ஆனால் கயிற்றின் முனையில் மாட்டிய இரும்புக் கொக்கிக்கும் ஷேக்கலுக்கும் அந்த இலேசான குணம் கிடையாது. கயிற்றை விட்டுப் பிய்ந்தால் அவை தோட்டா. எந்தக் கயிறானாலும் நடுவில் ஒரு கனமான ஈரச் சாக்கைப் போடுங்கள், ஆட்களைக் கயிற்றின் இரு மடங்கு தூரத்துக்கு விலக்குங்கள். பின்னால் டிரெய்லர் மாட்டும் குண்டில் ஒருபோதும் கட்டாதீர்கள். அது டிரெய்லரைச் சீராக இழுக்கச் செய்தது; புதைந்த வண்டியை இழுக்கும் விசையில் உடைந்து பறந்து உயிர் போன சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன.

இன்னொன்றை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. டைனீமா பாலிஎதிலீன் குடும்பம். சுமார் 150 டிகிரியில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பலம் இழக்கத் தொடங்கும். பல மலிவு வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்கு உள்ளேயே இருக்கிறது. சரிவில் வண்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு மெதுவாக இறக்கினால் பிரேக் சூடேறும், டிரம் சூடேறும். சூட்டை முதலில் வாங்குவது அடியில் இருக்கும் அதே பத்துச் சுற்று. மேலே கயிறு புத்தம் புதிதாக மின்னும். இறக்கும் வேலை அதிகமுள்ளவர்கள் பிரேக் வெளியே இருக்கும் வின்ச்சை வாங்கட்டும், இல்லையென்றால் இரும்புக் கயிற்றோடு இருக்கட்டும். பழைய ஈயக் குட்டைகளின் வெள்ளை மணலும் டைனீமாவுக்கு எதிரி: இழைகளுக்குள் புகுந்து அறுக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தண்ணீரில் அலசுவது கட்டாயம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வாய். முழுச் சுமையில் இந்த வின்ச் 400 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். உள்ளே போவது நாலு கிலோவாட் அளவு. கயிறு நிமிடத்துக்கு ஒரு மீட்டர்கூட வராத அந்த வேகத்தில் வெளியே வருவது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் மோட்டாரைச் சுட வைக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் இழுத்து, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, ஆறவிட்டு இழுங்கள்.

மரத்தில் கட்டும்போது அகலப் பட்டை வேண்டும், கம்பியை நேராகச் சுற்றக்கூடாது. பால்மரம் சீவியவர்களுக்குத் தெரியும், பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய படலத்தில் கத்தி பட்டால் மரத்துக்கு என்ன ஆகும் என்று. கம்பி அதைச் சுற்றிலும் செய்துவிடும். செம்பனைக்கு அந்தப் படலமே கிடையாது, எனவே தண்டில் பட்ட காயம் ஆறாது, காலத்துக்கும் நிற்கும். பூச்சோங்கின் ஆயர் ஹித்தாம் காடு புத்ரா பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் இருக்கிறது; கயிறு பழக அந்தப் பக்கம் போக வேண்டாம். 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்சின் வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் போட்டி வின்ச் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அவர்களுக்கு வேகம் வேண்டும், உங்களுக்கு வீடு திரும்ப வேண்டும்.

ஹைலக்ஸ் முழுச் சுமையில் ஏறக்குறைய 3 டன். அதன் ஒன்றரை மடங்கு என்ற வழக்கமான கணக்குக்கு 10,000 பவுண்டு வின்ச் போதும். மிச்சக் காசில் கப்பி, மரத்தில் கட்டும் பட்டை, இரண்டு நல்ல ஷேக்கல் வாங்கலாம். வாசகர் 12,000 ஏற்கெனவே வாங்கிவிட்டார், போகட்டும். இந்த வாரமே கயிற்றை முழுக்க இழுத்து, மேடான சாலையில் வண்டியின் பாரத்திலேயே இறுக்கமாகத் திரும்பச் சுற்றட்டும். தளர்வாகச் சுற்றிய அடிச்சுற்று உருளையை அழுத்தாது, மேல் அடுக்கும் அதற்குள் புதைந்து சிக்கும். பத்தாவது சுற்று தொடங்கும் இடத்தில் கயிற்றில் ஒரு முழம் சிவப்புச் சாயம் பூசட்டும், சேற்றிலும் தெரிகிற மாதிரி. காட்டில் சிவப்பு வெளியே வந்தால் இழுப்பதை நிறுத்திவிட்டு வண்டியைக் கிட்டே கொண்டுபோக வேண்டும், அல்லது நீட்டிப்புப் பட்டை மாட்ட வேண்டும்.