உடைகிற இடத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள்: வன்னியில் ஒரு பழைய லாண்ட் றோவர்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடையில் போன ஐந்து வருடங்களில், முன்பு கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய ஜீப்புகளுக்கெல்லாம் இலட்சக்கணக்கில் விலை வந்துவிட்டது. இறக்குமதி திறந்த பிறகும் புதிய வாகனத்தின் விலை நம்மவர்களுக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும், அறுவடைக் காசும் வெளிநாட்டிலிருந்து தம்பியோ மருமகனோ அனுப்பிய காசும் சேர்ந்து இப்போதும் பழைய லாண்ட் றோவர்களில்தான் போய் விழுகின்றன. என்னிடம் ஒன்று நிற்பதால் பலர் கேட்கிறார்கள்: "எந்த மோட்டார் ஏத்தினா நல்லம்?"

அது இரண்டாவது கேள்வி. முதலாவது கேள்வி, இந்த வண்டி எங்கே உடையும் என்பது.

லாண்ட் றோவர் ஒரு போரின் மிச்சத்தில் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, இங்கிலாந்தின் றோவர் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த மொரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் இராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்தால் மாற்றாக என்ன வாங்குவது என்ற யோசனையில்தான் லாண்ட் றோவர் வந்தது. 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. அப்போது உருக்கு பங்கீட்டில் இருந்தபடியால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். எண்பது வருடங்கள் நெருங்கியும் முல்லைத்தீவின் கடல்காற்றில் அந்த உடல் துருப்பிடிக்காமல் நிற்பதற்குக் காரணம் அந்தப் பஞ்சம். ஆனால் அடிச்சட்டம் உருக்கு. கதையின் கெட்ட பகுதி அங்கே இருக்கிறது, பிறகு வருகிறேன்.

என்னுடையது சீரிஸ் 3 வகை, 88 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட குட்டை வண்டி. சீரிஸ் 3 1971இலிருந்து 1985 வரை வெளிவந்தது. 2.25 லீற்றர் மோட்டார். பெற்றோலானாலும் டீசலானாலும் 70 குதிரைவலுவைத் தாண்டாது. இன்றைய சின்னக் கார்கள் பலவும் இதைவிட வலுவானவை. இந்த வண்டியின் பலம் மோட்டாரில் இல்லை, பற்சக்கரங்களில் இருக்கிறது.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். மோட்டார் தரும் முறுக்குவிசை ஏறத்தாழ 160 நியூட்டன் மீற்றர். சிவப்புக் குமிழ் உள்ள தடியைப் பின்னால் இழுத்து லோ கியருக்குப் போட்டு, முதலாம் கியரில் விட்டால், கியர்பெட்டி, ட்ரான்ஸ்பர் பெட்டி, டிபரன்சியல் மூன்றும் சேர்ந்து அந்த விசையை 40 மடங்காக்குகின்றன. 160ஐ 40ஆல் பெருக்கினால் 6,400. முன் சக்கரங்கள் சேற்றில் பிடிமானம் இழந்து, பின் சக்கரங்கள் மட்டும் பிடித்தால், இந்த விசை கிட்டத்தட்ட முழுவதுமாகப் பின்னால் போகும். அங்கே இரண்டு தண்டுகள் ஆளுக்குப் பாதியாக அதைச் சுமக்க வேண்டும். ஒரு மீற்றர் நீளக் கம்பின் நுனியில் முந்நூறு கிலோவுக்கு மேல் தொங்கவிட்டு ஒரு தண்டைத் திருகினால் எப்படியோ அப்படி. அந்தத் தண்டோ மண்வெட்டிப் பிடியைவிட மெலிந்தது. டிபரன்சியலுக்குள் செருகும் முனையில் பத்துப் பற்கள் வெட்டியிருக்கும். கராஜ்களில் 'பின் ஆக்சில்' என்று சொல்வது இதைத்தான். பழைய லாண்ட் றோவரின் பேர்போன பலவீனமும் இதுதான்.

எப்போது உடையும்? மோட்டார் மெதுவாக இழுக்கும்போது பெரும்பாலும் உடையாது. சேற்றில் சக்கரம் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு கல்லிலோ வேரிலோ பிடித்தால் உடையும். கிளச்சை 'டப்' என்று விட்டால் உடையும். முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி மாற்றிக் கியர் போட்டு வண்டியை ஆட்டி எடுக்கும்போது உடையும். பழைய வண்டியில் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். கியர்பெட்டியில் கொஞ்சம், புரொப்பலர் தண்டின் குறுக்கு மூட்டில் கொஞ்சம், டிபரன்சியல் பற்களில் கொஞ்சம். இந்தத் தளர்வெல்லாம் சேர்ந்தால், விசை தண்டுக்கு வந்து சேரும்போது தள்ளாக வராது, சம்மட்டி அடியாக வரும்.

2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த நாட்களில், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வயல் பாதையில் எனக்கு அது நடந்தது. பின்னால் மூச்சுத்திணறலோடு ஒரு அம்மம்மா, அவரைப் பிடித்தபடி மகள். வாய்க்கால் கடக்கும் இடத்தில் சக்கரம் ஒன்று மிதந்து, பிறகு மதகின் கல்லில் பிடித்தது. கீழே பெரிய தடி முறிந்த மாதிரி ஒரு சத்தம். மோட்டார் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி அசையவில்லை. "என்ன தம்பி, தாண்டிட்டமோ?" என்று அம்மம்மா கேட்டார்.

மஞ்சள் குமிழை அமத்தினேன். வண்டி முன் சக்கரங்களால் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறியது. மாங்குளம் ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே போனோம்.

இது அதிர்ஷ்டம் இல்லை, வண்டியின் அமைப்பு அப்படி. பல கார்களில் பின் தண்டுதான் சக்கரத்தையும் தாங்கும். தண்டு உடைந்தால் சக்கரமும் கழன்று போகலாம். லாண்ட் றோவரில் சக்கரத்தின் பாரத்தைத் தாங்குவது வெளியே உள்ள குழாய். தண்டின் வேலை சுழற்றுவது மட்டும். உடைந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். டிபரன்சியல் உடைந்த பக்கத்தைச் சும்மா சுற்றும், ஆகவே பின் சக்கரம் இரண்டும் வேலை செய்யாது. மஞ்சள் குமிழ் முன்னச்சைப் பின்னச்சோடு இறுக்கிப் பிணைப்பதால் முன்னுக்கு விசை கிடைக்கிறது. ஒரு நிபந்தனை: முன் சக்கர மையத்தில் கையால் திருப்பும் பூட்டு பொருத்தியிருந்தால் அதை மழை தொடங்கும்போதே பூட்டிவிட வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைத் தேட முடியாது.

மறுநாள் கராஜ் அண்ணை ஆறு போல்ட்டைக் கழற்றி, தண்டை வெளியே இழுத்து, உள்ளே மாட்டிக்கிடந்த துண்டைக் காந்தம் கட்டிய கம்பியால் எடுத்துவிட்டு, புதிய தண்டைச் செருகினார். ஜாக்கி தேவைப்படவில்லை. தேத்தண்ணி குடித்த நேரத்தையும் சேர்த்து ஒரு மணித்தியாலம். "உடைஞ்சது நல்ல இடம் தம்பி" என்றார். "இது உடையாட்டி டிபரன்சியல் போயிருக்கும். அது போனா அரைக்கும். அரைச்ச இரும்பு எல்லாத்தையும் திண்டிடும்."

அந்த அண்ணை பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் தொழில் பழகியவர். பெற்றோல் இல்லாத ஊரில் ஒரு சின்னப் போத்தல் பெற்றோலால் மோட்டாரைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய தலைமுறை. உதிரிப்பாகம் கிடைப்பது அரிது என்பதால் உடைந்த தண்டை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒட்டிய தண்டு ஒட்டின் ஓரத்திலேயே திரும்ப உடையும், ஏனென்றால் வெல்டிங் சூடு அந்த இடத்தின் பதத்தைக் கெடுத்துவிடும். லேத்தில் சாதாரண இரும்பில் கடைந்தால், உடையாது, முறுக்கு மிட்டாய் மாதிரித் திருகும். நன்றாகக் கடினப்படுத்தினால் திருகாது, கண்ணாடி மாதிரி முறியும். இடையில் ஒரு பதம் வேண்டும். அதற்காகக் கழித்த லொறியின் ஆக்சிலை எடுத்து, அதன் பதம் கெடாமல் குளிரக் குளிரக் கடைந்து பல் வெட்டியதாகச் சொல்கிறார். உலோகவியல் படிப்பில் பக்கம் பக்கமாக வருவதை இவர்கள் ஒவ்வொரு உடைவிலும் கற்றிருக்கிறார்கள். அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை, கராஜ்களும் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன.

அவரிடம் நான் கற்ற ஒரு பரிசோதனையை எல்லோரும் செய்யலாம். வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன்னால், இரண்டு பின் தண்டுகளையும் வெளியே எடுத்துத் துடைத்து, முனையில் வெட்டிய பற்களை நேராகப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் நல்லது. சற்றே சரிந்து திருகியிருந்தால் அந்தத் தண்டின் காலம் முடிந்துவிட்டது. உடையுமா என்று யோசிக்க வேண்டாம், எங்கே வைத்து உடையும் என்பது மட்டும்தான் மிச்சம்.

இனி மோட்டார் விடயம். ஜப்பான் டீசல் மோட்டார் ஏற்றுவது இலங்கை முழுக்க நடப்பது. அதில் நியாயமும் இருக்கிறது: எண்ணெய்ச் செலவு குறைவு, உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் படுத்தவர்கள் யாரும் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் டர்போ பூட்டிய 2.8 லீற்றர் இசுசு மோட்டார் 200 நியூட்டன் மீற்றருக்கு மேல் தரும். மேலே சொன்ன கணக்கில் 160 இருந்த இடத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். அதோடு ரயரையும் பெரிதாக்கினால், சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதல் தூரத்தைத் தள்ள வேண்டும், தண்டின் மேல் பாரம் இன்னும் ஏறும்.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு விவசாயி அப்படி ஒரு வண்டி வாங்கினார். விற்றவர் 'ஆக்சில் பிரச்சினை தீர்த்தாச்சு' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். உண்மைதான், பின் தண்டுகள் உயர்ரக உருக்கு. முதல் போகத்திலேயே டிபரன்சியலின் பற்கள் உதிர்ந்தன. அதை மாற்றினார், கியர்பெட்டி போனது. சங்கிலியில் ஒரு வளையத்தைத் தடிப்பாக்கினால் அடுத்த மெல்லிய வளையம் அறும். முன்பு ஆறு போல்ட்டோடு வயல் வரம்பில் முடிந்த வேலை, இப்போது வண்டியைக் கட்டி இழுத்துப் போய் இரண்டு கிழமை நிறுத்தும் வேலையாகிவிட்டது. நெல் மூட்டைகள் களத்தில் கிடந்தன. உழவு இயந்திரத்துக்கு வாடகை கொடுத்து ஏற்றினார்.

பின்னச்சையே முழுதாக மாற்றுவது இன்னொரு வழி. நீண்ட 109 அங்குல சீரிஸ் 3 வண்டிகளுக்கு றோவர் நிறுவனமே சாலிஸ்பரி என்ற பெரிய பின்னச்சைப் போட்டது. அதைக் குட்டை வண்டிக்கு மாற்றலாம், பற்சக்கர விகிதமும் அதே 4.7தான். இந்த விகிதம் மிக முக்கியம். கிடைத்தது என்று வேறொரு ஜப்பான் வாகனத்தின் பின்னச்சைப் பூட்டி, அதன் விகிதம் வேறாக இருந்தால், மஞ்சள் குமிழை அமத்தியவுடன் முன் சக்கரங்கள் ஒரு வேகத்திலும் பின் சக்கரங்கள் இன்னொரு வேகத்திலும் போகப் பார்க்கும். இரண்டும் ஒரே பெட்டியில் பிணைந்தவை. ஏதாவது ஒன்று உடைந்துதான் அந்தச் சண்டை தீரும். தார் றோட்டில் நான்கு சக்கரத்தையும் பிணைத்து ஓடுவதும் இதே மாதிரித்தான், வளைவில் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால். சேற்றில் சக்கரம் வழுக்கித் தப்பிக்கொள்ளும், ஏ9 வீதியில் வழுக்க இடமில்லை.

என் வண்டியில் நான் செய்த மாற்றங்களில் மிகப் பெரியது மிக மலிவானது. பின்னச்சின் மேலே காற்றுப்போகச் சின்ன மூச்சுத்துளை ஒன்று இருக்கிறது. ஓடிச் சூடான அச்சு குளத்துத் தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, கிடைத்த வழியால் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாகிவிடும். அந்தத் துளையில் ஒரு றப்பர்க் குழாயைப் பூட்டி, இருக்கைக்குக் கீழே வரை உயர்த்திக் கட்டிவிட்டேன். மற்றபடி மோட்டார் பழையது, ரயர் பழைய அளவு. பின் தண்டுகளில் வலது ஒன்று, இடது ஒன்று எப்போதும் வண்டியில் கிடக்கும். டிபரன்சியல் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி இருப்பதால் இரண்டும் வேறு வேறு நீளம். ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு மற்றது உடையும்.

வாங்கப் போகிறவர்களுக்கு, மோட்டாரைக் கேட்பதற்கு முன் குனிந்து அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்வேன். மினுங்கும் அலுமினிய உடலுக்குக் கீழே, கரையோர ஊர்களில் ஓடிய வண்டிகளின் சட்டம் பிஸ்கட் மாதிரி உதிரும். சட்டத்தை வெட்டி ஒட்டும்போது அதில் பொறித்த இலக்கமும் சிலவேளை போய்விடும். அதற்குப் பிறகு அது யாருடைய வண்டி என்று நிரூபிக்க முடியாது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோன வாகனங்களை அங்கேயே விட்டுவிட்டு, புத்தகமும் இல்லாமல் முகாமுக்கு நடந்தவர்கள் நாங்கள். என் மாமாவின் லாண்ட் றோவரும் அதில் ஒன்று. கடதாசி இல்லாவிட்டால் சொந்த வண்டிகூடச் சொந்தமில்லை என்பதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆகவே சட்ட இலக்கமும் மோட்டார் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். மோட்டார் மாற்றியிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். 'வாங்கினாப் பிறகு செய்யலாம்' என்று சொல்பவரிடம், முதலில் செய்துவிட்டு வாங்கோ, பிறகு காசு தாறன் என்று சொல்லுங்கள்.

அந்தக் காலத்து வண்டிகளின் இலக்கத்தகட்டில் இப்போதும் சிங்கள 'ஸ்ரீ' இருக்கிறது. 1957இல் தமிழரசுக் கட்சி அதற்கெதிராகப் போராடியதைத் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்போம். இன்று அதே எழுத்துள்ள தகட்டுக்குப் பழைய வண்டிப் பிரியர்கள் கூடுதல் விலை கேட்கிறார்கள்.

தகட்டைப் பார்த்து முடிந்ததும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கீழே படுத்துப் பின் புரொப்பலர் தண்டைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் ஆடும், அது வயதுக்கு இயல்பு. கால் சுற்றுக்குக் கிட்ட ஆடினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். விற்பவர் குறைக்க மறுத்தால், கிளச்சை ஒருமுறை அவரையே விடச் சொல்லி, 'டக்' என்ற அந்தச் சத்தத்தை இரண்டு பேருமாகக் கேளுங்கள்.