தசையில் மூளும் சூடு

1960ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவில் உள்ள மெல்போர்ன் நகரம். 21 வயது மாணவர் ஒருவர் மீது கார் மோதியது. கால் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள் டாக்டர்கள்.

மாணவர் காலைப் பற்றிக் கவலைப்படவில்லை. மயக்க மருந்தை நினைத்துத்தான் பயந்தார். அவருடைய சொந்தக்காரர்கள் பத்துப் பேர் மயக்க மருந்து கொடுத்த பிறகு இறந்திருந்தார்கள். அதை டாக்டர்களிடம் சொன்னார்.

டாக்டர்கள் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. இறந்தவர்களுக்குக் கொடுத்த மருந்து ஈதர். எனவே இவருக்கு ஹாலோத்தேன் என்ற புது மருந்தைக் கொடுத்தார்கள். சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். நாடி வேகமாக அடித்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. உடம்பு கொதித்தது. உடனே மருந்தை நிறுத்தினார்கள். உடம்பைச் சுற்றிலும் ஐஸ் கட்டிகளை வைத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

காய்ச்சல் இல்லை, கிருமி இல்லை. பிறகு அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? டென்பரோ என்ற டாக்டர் அந்தக் குடும்பத்தையே விசாரித்தார். இது பரம்பரையாக வருகிற கோளாறு என்று தெரிந்தது.

மண்வெட்டி பிடித்து வேலை செய்தால் உடம்பு சூடாகிறது அல்லவா? தசை உழைத்தால் சூடு பிறக்கும். தசைக்குள்ளே மிகச் சிறிய பைகள் உண்டு. அவற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கும். பைக்குக் கதவு போன்ற ஒரு வாய் உண்டு. கையை மடக்க நினைத்தால் கதவு திறக்கும். சுண்ணாம்புச் சத்து வெளியே வரும். தசை சுருங்கும். பிறகு கதவு மூடிவிடும். சத்து பைக்குள் திரும்பிப் போகும். தசை தளரும்.

சிலருக்கு இந்தக் கதவு பிறவியிலேயே சரியில்லை. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. ஆனால் சில மயக்க மருந்துகள் பட்டால் திறந்த கதவு சரியாக மூடாது. ஆள் மேசைமேல் அசையாமல் கிடப்பார். தசையோ மூட்டை தூக்குகிறவரின் தசைபோல ஓயாமல் உழைக்கும். உடம்பு விறைக்கும், சூடு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் இதயம் நின்றுவிடலாம்.

இதே கோளாறு பன்றிகளுக்கும் உண்டு. ஐரோப்பாவில் கொழுப்புக் குறைந்த, சதைப்பிடிப்பான பன்றிக்கு நல்ல விலை. அப்படிப்பட்ட பன்றிகளையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். சதையோடு கெட்ட கதவும் சேர்ந்து வந்தது யாருக்கும் தெரியவில்லை. வெயில் நேரத்தில் லாரியில் ஏற்றினால் போதும், சில பன்றிகள் விறைத்துச் செத்தன. இறைச்சியும் வெளுத்து, தண்ணீர் விட்டு, விலை போகாமல் கெட்டது. பண்ணைக்காரர்களுக்குப் பெரிய நஷ்டம்.

ஆனால் மனிதர்களைக் காப்பாற்றும் வழி அந்தப் பன்றிகளிடம்தான் கிடைத்தது. 1975இல் தென் ஆப்பிரிக்காவில் ஹாரிசன் என்ற டாக்டர் டான்ட்ரோலின் என்ற மருந்தை இப்படிப்பட்ட பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சூடு அடங்கியது. பன்றிகள் பிழைத்தன. 1979இல் அமெரிக்காவில் மனிதர்களுக்கும் அதை ஊசியாகப் போட அனுமதி கிடைத்தது. முன்பு இந்தக் கோளாறு வந்த பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். மருந்தை உடனே போட்டால் இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

1991இல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் பன்றியின் மரபணுவில் உள்ள பிழையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ரத்தத்தைச் சோதித்தே பண்ணைகளில் நல்ல பன்றிகளைப் பிரித்தெடுக்க முடிந்தது.

பன்றிக்குத் தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய். மனிதருக்கு ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. முன்பு ஒரு தடவை மயக்க மருந்து ஒத்துக்கொண்டது என்பதால் கோளாறு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கோளாறு உள்ள ஒரு சிலருக்குக் கடும் வெயிலில் உழைத்தாலும் உடம்பு இப்படிக் கொதிப்பதுண்டு.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர், வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் ஆபத்து வந்ததா என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். தாத்தா காலத்தில் நடந்தது என்று விட்டுவிடக் கூடாது. ஆபத்தில்லாத மயக்க மருந்துகளும் உண்டு.

அந்த மெல்போர்ன் மாணவருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் கல் வந்தது. மறுபடியும் ஆபரேஷன். இந்தத் தடவை டாக்டர்கள் முதுகுத் தண்டில் ஊசி போட்டு, உடம்பின் கீழ்ப் பாதியை மட்டும் மரத்துப் போகச் செய்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.